ரவை விழும் வட்டம்

மார்ச் 3, ஞாயிறு

தேவாலயத்திலிருந்து திரும்பியபோது துப்பாக்கி அலமாரி திறந்து கிடந்தது. வெர்லின் பெரிய துப்பாக்கியை வெளியே எடுத்துவிட்டிருந்தான். அடிக்கட்டையை இடுப்புக்கும் சுவருக்கும் நடுவே செருகி, இடது கையால் குழலைப் பிடித்துத் தூக்கப் பார்த்துக்கொண்டிருந்தான். வலது கை சட்டைக்குள் யாரோ மறந்து வைத்த பொருள் மாதிரி தொங்கியது. நெற்றியெல்லாம் வியர்வை.

“குடு, நான் வெக்கறேன்” என்றேன்.

“ரொட்டி” என்றான்.

நவம்பரிலிருந்து எல்லாமே ரொட்டிதான். கோபம் ரொட்டி, வலி ரொட்டி, ஆமாம் ரொட்டி, இல்லை ரொட்டி. மான் வேட்டை தொடங்கிய வாரம் சமையலறையில் விழுந்தான். மூளையில் ரத்தக்கட்டு. கால் முக்கால்வாசி திரும்பி வந்துவிட்டது. கையும் வார்த்தையும் வரவில்லை. குரலை வைத்துத்தான் எந்த ரொட்டி என்று கண்டுபிடிப்பேன். இன்றையது கெஞ்சல்.

சரி என்று அடிக்கட்டையை அவன் இடது தோளில் பொருத்திக் கொடுத்தேன். கன்னத்தைச் சாய்த்தான். குழல் தூக்கம் வந்தது போல மெல்ல மெல்லத் தாழ்ந்தது. இரண்டு பேரும் அது தாழ்வதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

மத்தியானம் அவன் சாப்பிடவில்லை.

வான்கோழி வேட்டை அடுத்த மாதம் நடுவில் திறக்கிறது. எங்களுக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்து அவன் ஒரு வசந்தத்தைக்கூட விட்டதில்லை. நான் ஒருமுறைகூட அவனோடு போனதில்லை. வீட்டுச் சத்தத்திலிருந்து தப்பிக்கத்தான் போகிறான் என்று நினைத்துக்கொள்வேன்.

மார்ச் 5, செவ்வாய்

மாரிஸா வந்தாள். பேச்சுப் பயிற்சி கொடுக்க நகரத்திலிருந்து வாரம் ஒருமுறை வருகிற பெண். படம் போட்ட அட்டைகளைக் காட்டினாள். நாய் — ரொட்டி. கரண்டி — ரொட்டி. தொப்பி — ஒரு நிமிடம் யோசித்து, ஆசையோடு வாயைத் திறந்து — ரொட்டி. அவனுக்கே தெரிகிறது தப்பு என்று. அதுதான் கொடுமை.

கார் வரைக்கும் போய் அவளிடம் துப்பாக்கி விஷயத்தைச் சொன்னேன்.

“துப்பாக்கியப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. ஆனா அவரு ஒரு பொருளத் தானா வேணும்னு கேக்கறது இதான் மொத தடவ” என்றாள்.

இந்த வசந்தத்தில் அவனை மரத்தடிக்குக் கொண்டுபோகாவிட்டால் அந்த நாற்காலியிலேயே முடிந்துவிடுவான்.

மார்ச் 9, சனி

டாயில் வந்தான். வெர்லினின் அண்ணன்; சாலையின் கீழ்முனையில் வீடு. இந்த மலைகளில் தனக்குத் தெரியாத வான்கோழி கிடையாது என்கிற நினைப்பு. ஓடையில் பிடித்த மீன் கொண்டுவந்தான், கூடவே அறிவுரையும்.

பெரிய துப்பாக்கியை விற்றுவிடச் சொன்னான். வெர்லின் பக்கத்து அறையில் இருக்கிறான் என்று கண்ணைக் காட்டினேன். குரலைத் தாழ்த்தினான், நாக்கைத் தாழ்த்தவில்லை. வான்கோழியின் உடம்பு முழுக்க இறகு, எலும்பு. தோட்டாவுக்குள் இருக்கும் ஈய ரவை தலையிலும் கழுத்திலும் கொத்தாக விழுந்தால்தான் அங்கேயே சாகும், நாலைந்து ரவை அங்கங்கே பட்டால் பறந்துபோய் எங்காவது புதருக்குள் கிடந்து அழுகும் என்றான். கை நடுங்குகிறவனுக்கு அது நடக்கும் என்றான்.

நான் டாயிலுடைய சின்னத் துப்பாக்கியைக் கேட்டேன். முதுகுவலி வந்தபோது வாங்கிப் பிடிக்காமல் மூலையில் போட்டது.

“அதா? கொசு அடிக்கறதுக்கா?”

“குடுப்பியா மாட்டியா?”

சாயங்காலம் கொண்டுவந்து கொடுத்தான். கூடவே துணிப்பையில் மூன்று சோக்குகள். குழலின் வாயில் திருகிப் போடும் விரல் நீளக் குழாய்தான் சோக். ஒன்று அகலம், ஒன்று நடுத்தரம், ஒன்று இறுக்கம். வாய் இறுக இறுக ரவை நெருக்கமாய்ப் போகும் என்று சொல்லிவிட்டுப் போனான்.

வெர்லின் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்.

மார்ச் 16, சனி

மேய்ச்சல் நிலத்தின் கடைசியில் பழைய மரப்பலகையை நிறுத்தி, இறைச்சிக்கடையில் சுற்றித்தரும் பழுப்புத்தாளை அதில் அடித்தேன். நடுவில் ஒரு தட்டை வைத்து வட்டம் போட்டு, உள்ளே வான்கோழித் தலையும் கழுத்தும் வரைந்தேன். வாத்து மாதிரி இருந்தது. முப்பது கஜம் தள்ளி வெர்லினுக்கு நாற்காலி போட்டேன், துப்பாக்கியைத் தாங்க ஒரு கவட்டைக் கம்பும்.

அவன் சுட்டான். மண்ணில். இரண்டாவது முறை வானத்தில். மூன்றாவது முறை விசையை எட்டும் முன்பே கன்னம் நழுவிவிட்டது. தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தான். தடியை ஊன்றிக்கொண்டு போய் வண்டிக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டான்.

என்ன செய்யச் சொல்கிறாய்? நானும் அழுதால் யார் வண்டி ஓட்டுவது?

கோபத்தில் நானே எடுத்துச் சுட்டேன். கோழிக்கூண்டில் புகுந்த பாம்பைத் தவிர இதுவரை எதையும் சுட்டதில்லை. தோளில் கழுதை உதைத்தது போல இருந்தது. நடந்துபோய்த் தாளைப் பார்த்தேன்.

அங்கேயே நின்றுவிட்டேன்.

தாள் முழுக்கத் துளைகள். மழையின் முதல் துளிகள் மண்ணில் விழுந்தது மாதிரி, எந்த வரிசையும் இல்லாமல், ஆனால் ஏதோ ஒரு மையத்தைச் சுற்றி. இத்தனையும் ஒரு சொடுக்கில். பின்னால் சூரியன் இருந்ததால் ஒவ்வொரு துளையும் மின்னியது. என் வாத்துத் தலையில் மட்டும் இரண்டே துளை.

புதுத் தாள் போட்டு மறுபடி சுட்டேன். அதே துப்பாக்கி, அதே தோட்டா, அதே இடம். விழுந்த விதம் வேறு. மூன்றாவதும் வேறு.

ஏன்?

மார்ச் 17, ஞாயிறு

தோள் கத்தரிக்காய் நிறம். தேவாலயத்தில் எல்லாரும் அந்தத் தோளைத்தான் தட்டிக் கொடுத்தார்கள்.

மார்ச் 20, புதன்

நான் ஓட்டும் பள்ளிப் பேருந்தில் பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் அந்தத் தாள்களையே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த ரவைகள் ஒரு கல்லைப் போல ஒன்றாய்ப் போவதில்லை. குழலை விட்டதும் ஒவ்வொன்றும் தன் வழியைப் பார்த்துக்கொள்கிறது. தூரம் கூடக் கூட உறவு விட்டுப்போகிறது. அதைக் கொஞ்ச தூரத்துக்கு மட்டும் சேர்த்துவைப்பதுதான் சோக்கின் வேலை. இதை இத்தனை வருஷம் எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மார்ச் 23, சனி

இன்று முறையாகச் செய்தேன். இரண்டு வகை ஈயத் தோட்டா. ஒன்றில் ரவை கொஞ்சம் பெரிது, எண்ணிக்கை குறைவு. மற்றதில் சிறிது, அதிகம். ஒவ்வொன்றையும் மூன்று சோக்கிலும் சுட்டுப் பார்த்தேன். தாளின் மூலையில் எது எது என்று பென்சிலால் குறித்து, வேலிக்கம்பியில் துணி காயப்போடுவது போல மாட்டினேன்.

இறுக்கமான சோக்தான் நெருக்கமாய் விழும் என்று நினைத்தேன். இல்லை! பெரிய ரவையை அதில் போட்டால் இன்னும் மோசமாய்ச் சிதறுகிறது. ஒரு பக்கம் கும்பல், மறுபக்கம் வெறும் தாள். ரொம்ப நெருக்கிப் பிழிந்தால் ஈயம் நசுங்கிக் கோணலாய்ப் பறக்குமாம், டாயில் பிறகு சொன்னான். நடுத்தர சோக்கில் சின்ன ரவை எவ்வளவோ தேவலை. ஆனால் அதிலும் ஓட்டைகள்.

வண்டியில் இருந்த வெர்லின் கதவைத் திறந்துகொண்டு வந்தான். நான் கூப்பிடவில்லை. தடியை வேலியில் சாய்த்துவிட்டு ஒவ்வொரு தாளாகப் பார்த்தான். நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த தாளின் முன் நின்றான். அவனுடைய இடது உள்ளங்கையை வட்டத்துக்குள் ஓரிடத்தில் வைத்தான். எடுத்தான். அந்த இடத்தில் ஒரு துளைகூட இல்லை. என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான்.

“ஜன்னல்” என்றான்.

ரொட்டி இல்லை. ஜன்னல்! சரியான வார்த்தை இல்லைதான். ஆனால் அதைவிடச் சரியான வார்த்தை எது? அந்தக் கையகல ஜன்னல் வழியாக ஒரு பறவை முழுத் தலையோடு தப்பிப் போகும். அல்லது பாதித் தலையோடு போய்ச் சாகும்.

எல்லாத் தாளிலும் கையை வைத்துப் பார்த்தோம். எல்லாவற்றிலும் ஜன்னல் இருந்தது.

மார்ச் 26, செவ்வாய்

மாரிஸாவிடம் சொன்னேன். அட்டையில் ஜன்னல் படத்தைக் காட்டினாள். “ரொட்டி” என்றான், கொஞ்சம் எரிச்சலாக.

மார்ச் 30, சனி

டாயில் வேறு தோட்டாக்கள் கொண்டுவந்தான். டங்ஸ்டன் என்கிற உலோகமாம். விலையைக் கேட்காதே என்றான், கேட்கவில்லை. ஒரு தோட்டாவை அறுத்து என் கையில் கொட்டினான். தோட்டத்தில் கீரைக்குத் தூவும் கடுகு விதை அளவுதான் ஒவ்வொன்றும். ஆனால் கை தாழ்ந்தது. இவ்வளவு சின்னதுக்கு இவ்வளவு கனம் எப்படி? உள்ளங்கையில் உருட்டி உருட்டிப் பார்த்தேன். சின்னதாய் இருப்பதால் நிறைய அடைக்கலாம். கனமாய் இருப்பதால் ஒவ்வொன்றும் ஈயத்தைவிட ஆழமாய்ப் பாயும்.

இறுக்கமான சோக்கில் முதலில் சுட்டேன், நாற்பது கஜத்தில். போய்ப் பார்த்தால் — எப்படி எழுதுவது. வட்டம் நிரம்பியிருந்தது. வெர்லின் கையை வைத்தான், ஜன்னல் இல்லை. விரலை வைத்தான், இல்லை. கட்டை விரலை வைத்து நகர்த்தி நகர்த்தித் தேடினான், இல்லை. தாளைக் கழற்றி வானத்துக்கு நேராகப் பிடித்தோம். மேகமில்லாத இரவில் எங்கள் மலைக்கு மேலே நட்சத்திரம் தெரிகிற மாதிரி.

பிறகு, கிட்டத்தில் எப்படி என்று பார்க்க, பலகையின் பக்கத்தில் போய் நின்று சுட்டேன். முஷ்டி அளவு ஒரே ஓட்டை. அது எனக்குப் பயமாக இருந்தது. கை ஒரு நூல் ஆடினாலும் அந்த முஷ்டி தலையைத் தாண்டிப் போய்விடும். நடுத்தர சோக்கைப் போட்டேன். கிட்டத்தில் தட்டு அளவுக்குச் சமமாய் விரிந்தது. முப்பது கஜத்திலும் ஜன்னல் இல்லை. நாற்பதில் திறந்துகொண்டது.

டாயில் இறுக்கம்தான் வேண்டும் என்றான். வசந்தத்துச் சேவல் ஐம்பது கஜத்தில் வந்து நின்றுகொண்டு இறகை விரித்துக் காட்டும், பெட்டை தன்னிடம் வரட்டும் என்று நிற்கும், கிட்டே வராது என்றான்.

“வெர்லின் கூப்பிட்டா வரும். அவன் எப்பவும் கிட்டதான் சுட்டிருக்கான். நீயே சொல்லியிருக்கே” என்றேன்.

“அது அப்போ, ஆர்டித். இப்போ அவனுக்கு உம் பேரே வரல. கோழியவா கூப்பிடப் போறான்?”

வெர்லின் கேட்டுக்கொண்டுதான் நின்றான். முகம் மாறவில்லை. மெதுவாக வந்து, பலகையில் சாய்த்திருந்த துப்பாக்கியை இடது கையால் எடுத்தான். உள்ளே தோட்டா இல்லையே என்று திறந்து பார்த்தான், அந்தப் பழக்கம் போகவில்லை. என் இரண்டு கையிலும் வைத்து அழுத்தினான்.

வேண்டாம் என்றேன். இன்னும் அழுத்தினான்.

நான் சுடுவதா? நான் அவனுக்காகத்தானே இதெல்லாம். தோள் வீங்க, காது அடைக்க, ஒவ்வொரு சனிக்கிழமையும் — எனக்காகவா?

ஏப்ரல் 1, திங்கள்

செம்மொட்டு மரம் பூத்துவிட்டது. ஒன்றும் முடிவு செய்யவில்லை.

ஏப்ரல் 6, சனி

இதை உடனே எழுதிவிட வேண்டும்.

விடியும் நேரம். முன்வாசலில் வெர்லின் உட்கார்ந்திருந்தான், நான் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தேன். எதிர் மலைமுகட்டில், இரவு தங்கிய மரத்திலிருந்தே ஒரு வான்கோழிச் சேவல் கத்தியது. பள்ளத்தாக்கு முழுக்க அந்தக் கொளகொளப்பு உருண்டு வந்தது. வருஷா வருஷம் கேட்பதுதான்.

வெர்லின் சட்டைப்பையில் கையை விட்டு, லாட வடிவத்தில் ஒரு சின்னத் தகடை எடுத்தான். நடுவில் மெல்லிய ரப்பர். அதை அண்ணத்தில் ஒட்டவைத்து நாக்கால் அழுத்தி ஊதுவார்கள். தண்ணீர் குடித்தாலே புரை ஏறுகிறவன். எழுந்து ஓடுவதற்குள் வாயில் போட்டுவிட்டான்.

கூப்பிட்டான்.

பெட்டைக்கோழியின் குரல். கெஞ்சலாய் இல்லை, அவசரமாய் இல்லை. யாராவது இருக்கிறீர்களா என்கிற மாதிரி நாலைந்து மெல்லிய சத்தம். கடைசியில் கொஞ்சம் தாழ்ந்தது.

மலை பேசாமல் இருந்தது. வெர்லினும் பேசாமல் இருந்தான். பிறகு, சேவல். இந்த முறை எங்களைப் பார்த்து.

வெர்லின் உடனே பதில் சொல்லவில்லை. எவ்வளவு நேரம் சும்மா இருக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. நான் தாங்க மாட்டாமல் ஏதாவது சொல்லப் போனேன், கையைக் காட்டி நிறுத்தினான். பிறகு ஒரு சின்னக் கிளுக். அப்புறம் தொண்டைக்குள்ளேயே ஒரு முனகல். அவன் முடிக்கும் முன்பே அந்தப் பக்கத்திலிருந்து பதில் விழுந்தது. இரண்டு தடவை, அடுத்தடுத்து. மரத்தை விட்டு இறங்கிவிட்டது. சத்தம் ஓடையை நோக்கி வந்துகொண்டிருந்தது.

நான் காப்பிப் பாத்திரத்தோடு நின்றுகொண்டிருந்தேன். கரண்டியைக் கரண்டி என்று சொல்ல முடியாத வாய் இது. தாகம் என்று எனக்குப் புரியவைக்க நேற்று எவ்வளவு பாடு. அதே வாய் ஒரு மலைக்கு அப்பால் இருக்கிற உயிரிடம் ஏதோ கேட்டது, அது புரிந்துகொண்டு பதில் சொன்னது, இவன் அதற்கு மேல் ஒன்று சொன்னான். ஐந்து மாதமாக இந்த வீட்டில் நடக்காத உரையாடல்.

தகட்டை வெளியே எடுத்து, சட்டையில் துடைத்து, பையில் போட்டுக்கொண்டான். வேட்டை திறக்கும் முன்பு ரொம்பக் கூப்பிட்டால் பறவைக்குச் சந்தேகம் வந்துவிடும். காப்பிக்குக் கை நீட்டினான், ஒன்றும் நடக்காதது போல.

உள்ளே போய் நடுத்தர சோக்கைத் துப்பாக்கியில் திருகிப் போட்டேன். முப்பது கஜத்துக்கு மேல் இருந்தால் சுட மாட்டேன். இவன் கொண்டுவந்து நிறுத்துவான்.

ஏப்ரல் 7, ஞாயிறு

டாயிலிடம் சொன்னேன். அவன் சிரித்தான். சிரிக்கட்டும்.

ஏப்ரல் 13, சனி

கடைசித் தாள். குழல் ஒரு மயிரிழை மேலே, இடப்பக்கம் போகிறது. அதனால் தலையைக் குறிபார்க்காமல் கழுத்தில் இறகு தொடங்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். மூன்று தோட்டா. மூன்றிலும் வெர்லின் கை ஜன்னலைத் தேடித் தோற்றது. பிறகு என் கையிலிருந்த பென்சிலை வாங்கி, என் வான்கோழிப் படத்துக்குச் சேவலின் மார்பில் தொங்கும் தாடியும் கண்ணும் போட்டுக் கொடுத்தான். இடது கையால்! என்னுடையதைவிட நன்றாகவே இருக்கிறது.

ஏப்ரல் 15, திங்கள்

வேட்டை திறந்துவிட்டது. நான் பேருந்தில். வெள்ளிக்கிழமை பள்ளி விடுமுறை, அதுவரை பொறு என்று வெர்லினிடம் சொல்லியிருக்கிறேன். பொறுக்கிறான்.

ஏப்ரல் 19, வெள்ளி

இருட்டோடு போய் முகட்டில் ஒரு பெரிய ஓக் மரத்தடியில் உட்கார்ந்தோம். நான் முன்னால், முழங்காலில் துப்பாக்கி. அவன் எனக்குப் பின்னால், அவன் முட்டி என் முதுகில். டாக்வுட் மரத்துப் பூக்கள் மட்டும் முதலில் வெள்ளையாய்த் தெரிந்தன. பிறகு மரங்கள். பிறகு எல்லாம் ஒரே சமயத்தில் பாட ஆரம்பித்தன.

இதற்குத்தான் போய்க்கொண்டிருந்தானா? நான் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு திரும்பிப் படுத்த அந்த விடியல்களில் எல்லாம் இது நடந்துகொண்டிருந்ததா?

அவன் கூப்பிட்டான். பதில் வந்தது, கிட்டத்தில். சருகு நொறுங்கியது. சரிவுக்கு மேலே முதலில் விசிறி மாதிரி வால் எழுந்தது, அடுத்து உடம்பு. சூரியன் அதன் மேல் விழுந்தது. கறுப்பு என்று நினைத்திருந்தேன். கறுப்பே இல்லை. செம்பு, பச்சை, கருநீலம், ஒவ்வொரு அடிக்கும் மாறியது. தலை வெள்ளையாய் இருந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீலமாகி, கழுத்து சிவப்பாகியது. நெஞ்சுக்குள் ஏதோ அதிர்ந்தது. காதால் கேட்டதா, எலும்பால் கேட்டதா தெரியவில்லை. அது தன் உடம்புக்குள்ளிருந்து எழுப்புகிற முழக்கம்.

இருபது கஜம் இருக்கும். கழுத்தை நீட்டி நின்றது. முதுகில் வெர்லினின் முட்டி ஒருமுறை இடித்தது. இன்னொரு முறை.

அது திரும்பி, அவசரமே இல்லாமல், சரிவில் இறங்கிப் போய்விட்டது.

என் கையில் துப்பாக்கி இருக்கிறது என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அத்தனை தாள், அத்தனை தோட்டா, எல்லாம் வீண். வெட்கத்தோடு திரும்பினேன். வெர்லினின் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. ஐயோ, அழுகிறான் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தான். வாயிலிருந்த தகடு மடியில் விழுந்து கிடந்தது. கண்ணில் தண்ணீர். நவம்பருக்குப் பிறகு முதல் சிரிப்பு.

“ரொட்டி” என்றான், என் தலையைத் தட்டி.

ஏப்ரல் 20, சனி

மழை. போகவில்லை. ஈரத்தில் காளான் முளைத்திருந்தது, மாவில் புரட்டி வறுத்துச் சாப்பிட்டோம்.

ஏப்ரல் 22, திங்கள்

பண்டிகைக்கு மறுநாள் விடுமுறை. மறுபடி அதே மரம்.

இன்று சேவல் பதில் சொல்லிக்கொண்டே வந்து, வேலிக்கு அப்பால் நின்றுவிட்டது. டாயில் சொன்ன அதே ஐம்பது கஜம். வாலை விரித்துக்கொண்டு இப்படியும் அப்படியும் நடந்தது, வரவில்லை. கழுத்து தெளிவாய்த் தெரிந்தது. இறுக்கமான சோக் போட்டிருந்தால்? விரல் விசை மேல் இருந்தது. மனம் சொல்லிக்கொண்டே இருந்தது: இப்போ விட்டா போயிடும், அவன் கண்ணெதிர போயிடும், அடுத்த வருஷம் அவனுக்கு எப்படி இருக்குமோ, சுட்டுத் தொலை. பிறகு நாற்பது கஜத்துத் தாள் ஞாபகம் வந்தது. ஐம்பதில் அந்த ஓட்டைகள் எவ்வளவு பெரிதாகும்? விரலை எடுத்தேன்.

பின்னால் வெர்லின் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டான். ஒரு சத்தம் இல்லை. தடியின் நுனியால் சருகை மெல்லக் கிளறினான், நின்றான், கிளறினான். பெட்டை அக்கறையில்லாமல் மேய்ந்துகொண்டு அந்தப் பக்கம் போகிற மாதிரி. சேவல் கத்தியது. பதில் இல்லை. இன்னும் உரக்கக் கத்தியது. பதில் இல்லை. என் கால் மரத்துப்போனது, எறும்பு கழுத்தில் ஏறி இறங்கிப் போனது.

வேலிக்குக் கீழே குனிந்து இந்தப் பக்கம் வந்துவிட்டது.

வால் சுருங்கிவிட்டது, ஒல்லியாய், உயரமாய், சந்தேகத்தோடு ஒவ்வொரு காலாய் எடுத்து வைத்து வந்தது. விழுந்து கிடந்த மரத்தின் பக்கத்தில் — வெள்ளிக்கிழமையே குறித்துவைத்திருந்தேன், அதற்கு இந்தப் பக்கம் வந்தால் என் தூரம் — நின்று தலையைத் தூக்கியது. இறகு தொடங்கும் இடத்தைப் பார்த்தேன்.

சுட்டது எனக்கு ஞாபகம் இல்லை. சத்தமும் கேட்கவில்லை. அது நின்ற இடத்திலேயே விழுந்தது. ஒரு அடி நகரவில்லை. சிறகு கொஞ்சம் அடித்து அடங்கியது. அவ்வளவுதான்.

வெர்லின்தான் முதலில் எழுந்தான், மரத்தைப் பிடித்து. சரிவில் சருகு வழுக்கும், என் கையைக் கேட்பான் என்று நீட்டினேன். அவன் பார்க்கவில்லை. தடியை ஊன்றி ஊன்றி முன்னால் போய்விட்டான். பறவைக்குப் பக்கத்தில் மண்டியிட்டு அதன் மார்பில் கையை வைத்தான். நான் போய்ச் சேர்ந்தபோதும் வைத்தபடியே இருந்தான். நானும் வைத்தேன். சூடு.

எவ்வளவு அழகு. நாங்கள் கொன்ற பிறகும் எவ்வளவு அழகு. இதை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. எழுதிவைக்கிறேன்.

ஏப்ரல் 23, செவ்வாய்

மார்புக்கறியைப் பட்டையாய் வெட்டி, மோரில் ஊறவைத்து, மாவில் புரட்டிப் பொரித்தேன். டாயிலைக் கூப்பிட்டிருந்தேன். வழக்கம் போல ஒவ்வொரு வாயையும் ஜாக்கிரதையாய் மென்றான். போன வருஷம் ரவையைக் கடித்து அவனுக்கு ஒரு பல் போனது. இரண்டாவது தட்டு முடிந்த பிறகு கேட்டான்.

“கறில ஒண்ணுகூட படலயா?”

“எல்லாம் தலைல, கழுத்துல.”

“எந்த சோக்கு?”

“நடுத்தரம்.”

“எவ்ளோ கிட்ட வந்துச்சு?”

விழுந்த மரத்தைச் சொன்னேன். அவனுக்கு அந்த இடம் தெரியும். கையிலிருந்த துண்டைத் தட்டில் வைத்துவிட்டுத் தம்பியைப் பார்த்தான். எனக்குத் தெரிந்து டாயில் யாரையும் அப்படிப் பார்த்ததில்லை.

“எனக்கு ரெண்டு வாரமா ஒண்ணுகூட வரல, வெர்லின். சனிக்கிழம எங்கூட வந்து கூப்பிடுவியா?”

வெர்லின் மென்றுகொண்டிருந்தான். நன்றாக மென்று, விழுங்கி, தண்ணீர் குடித்து, அண்ணனைக் காக்கவைத்தான்.

“ரொட்டி” என்றான்.

டாயில் என்னைப் பார்த்தான், என்ன சொல்கிறான் என்று. எனக்கும் தெரியவில்லை. சோள ரொட்டித் தட்டை எடுத்து நீட்டினேன். வெர்லின் மேசையை அடித்து அடித்துச் சிரித்தான். பிறகு ஒரு துண்டை எடுத்துக்கொண்டு, அண்ணனைப் பார்த்துத் தலையை ஆட்டினான்.

ஏப்ரல் 27, சனி

டாயிலின் வண்டி வந்தபோது வெர்லின் தயாராய் வாசலில் நின்றான். சட்டைப் பொத்தானைத் தானே போட்டிருந்தான், ஒன்று மாற்றி ஒன்று. நான் சரிசெய்யப் போகவில்லை. வண்டியில் ஏறுவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. டாயில் உதவவில்லை, நல்லவேளை. கதவைச் சாத்திக்கொண்டான். திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான்.

முதுகை மட்டும் கொஞ்சம் சாய்க்கலாம் என்று படுத்தேன்.

கண் விழித்தபோது வெயில் போர்வையின் பாதி வரை ஏறியிருந்தது. மூச்சு வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்க பக்கத்தில் யாரும் இல்லை. அதுவே முதலில் புரியவில்லை. கடிகாரத்தைப் பார்த்தேன், எட்டைத் தாண்டியிருந்தது. கடைசியாக எப்போது இப்படித் தூங்கினேன்?

ஒருவருக்கு மட்டும் காப்பி போட்டேன். முன்வாசலில் உட்கார்ந்து குடிக்கும்போது மலைக்கு அப்பாலிருந்து ஒரு வெடிச் சத்தம். ஒன்றே ஒன்று. இரண்டாவதுக்காகக் காத்திருந்தேன், வரவில்லை.

நவம்பருக்குப் பிறகு முதல் தடவையாக, காப்பி ஆறுவதற்கு முன்பே குடித்து முடித்துவிட்டேன்.